மஞ்ஞ இல்லன்னு நான்தான் சொன்னேன்

தாய்மார் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசுன்னு ஹெல்த் சிஸ்டர் ஷைனி என்னைய மூணு வாட்டி கேட்டுட்டாங்க. எனக்கு அதுக்குத் தெம்பில்ல. பேச ஆரம்பிச்சா ஒண்ணு அழுவேன், இல்லாட்டி யாரையாச்சும் ஏசிப்புடுவேன். அதனால எழுதித் தாரேன், யாராச்சும் வாசிச்சுக்கோங்கன்னுட்டேன். பிள்ளை தூங்குற நேரமாப் பாத்துத்தான் எழுதுறேன். பாதியில எழுத்து கோணிப் போயிருந்தா அவன் முழிச்சிட்டான்னு அர்த்தம்.

எம் பேரு ரோஸ்லின். மூணாறுக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட்டுல, ஆக மேல இருக்கிற டிவிஷன்ல கொழுந்து எடுக்குறேன். வீட்டுக்காரர் சேவியர் அங்கயே மருந்தடிக்கிறாரு. பத்து வீடு ஒட்டிக்கிட்டு நிக்கிற லயத்துல ஏழாவது வீடு எங்களுது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் இவன். அந்த ஆறு வருஷமும் "என்ன ரோஸு, விசேஷம் உண்டா?"ன்னு கேக்காத வாய் லயத்துல கெடையாது. அம்புட்டு வாய்க்கும் பதிலா வந்து பொறந்தான். அவனைத்தான் அஞ்சாம் நாளே தொலைக்கப் பாத்தேன்.

பிரசவம் கீழ டவுன் ஆஸ்பத்திரியில. திங்கக்கெழம மத்தியானம், சுகப்பிரசவம், ரெண்டே முக்கால் கிலோ. புதன்கெழம காலையில எங்க டிவிஷன் ஜீப்பு அரிசி மூட்டை ஏத்த டவுனுக்கு வந்திருந்துச்சு. அதை விட்டா ஞாயித்துக்கெழமதான் அடுத்த ஜீப்பு. டாக்டர் இன்னும் ரெண்டு நாள் இருங்க, பிள்ளை ரத்தத்த ஒரு தடவ பாத்து அனுப்புறோம்னாங்க. நான்தான் கேக்கல. பிள்ளை நல்லாத்தான இருக்கான், பால் குடிக்கிறான், இங்க கெடந்து கொசுக்கடி படணுமான்னு வாயாடினேன். சொந்த விருப்பத்துல போறேன்னு எழுதின காயிதத்துல கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்த வேற யார் தலையிலயும் கட்ட முடியாது.

வீட்டுக்கு வந்த அன்னிக்கே மேகம் எறங்கிருச்சு. எங்க டிவிஷன்ல மேகம் எறங்குனா வாசல்ல நிக்கிற ஆளோட மூஞ்சி தெரியாது. பச்ச ஒடம்புக்காரி, பச்சப்பிள்ளை. கதவு, சன்னல் எல்லாம் அடைச்சாச்சு. சாம்பிராணிப் பொகை, கம்பளித் தொப்பி, சால்வை, மூலையில ஒரு மங்குன பல்பு. அந்த வெளிச்சத்துல பிள்ளை, நான், செவுரு, மாதா படம், எல்லாம் ஒரே மஞ்சளாத்தான் தெரியும். பாக்க வந்த பொம்பளைங்க "ஆத்தாடி, பிள்ளை என்னா கலரு! தங்கமால்ல இருக்கான்"னாங்க. கேட்டுக் குளுந்து போயிட்டேன். நானும் கருப்பு, அவரும் கருப்பு, இவன் எங்கிட்டிருந்து இந்தக் கலர வாங்கிட்டு வந்தான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். பெருமைக்கு ஏது யோசனை?

வெள்ளிக்கெழம ஷைனி சிஸ்டர் போன் பண்ணாங்க. பிள்ளை பொறந்த வீட்டுக்கு நேர்ல வந்து பாக்குறது அவங்க வேலை. மழையில அவங்க ஸ்கூட்டர் எங்க ரோட்டுல ஏறாது, அதான் போன். கோட்டயத்துப் பக்கத்துக்காரங்க. எங்க டிவிஷனுக்கு வந்து நாலு மாசந்தான் ஆச்சு. தமிழ் பேசுனா புரியும்ங்கிறாங்க, பாதிதான் புரியும். எனக்கு அவங்க மலையாளமும் பாதிதான். பால் குடிக்கிறானா, மூத்திரம் போறானான்னு கேட்டாங்க. பெறகு கேட்டாங்க, "குஞ்ஞினு மஞ்ஞ உண்டோ?"

குஞ்ஞுன்னா பிள்ளை. மஞ்ஞுன்னா மேகமூட்டம். மலையாளத்துல நாங்க பேசுற முதல் வார்த்தையே அதுதான், லாரிக்காரன்கிட்ட, டூரிஸ்ட்டுகிட்ட, மஞ்ஞு உண்டு, மஞ்ஞு இல்ல. பிள்ளைக்கு மேகக் குளிரு ஆகாதேன்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில மேகம் கொஞ்சம் வெலகியிருந்துச்சு. "இல்ல சிஸ்டர், இப்ப மஞ்ஞு இல்ல"ன்னேன். "நல்லது. கூடியால் உடனே விளிக்கணும், கேட்டோ"ன்னு வச்சிட்டாங்க. கூடுனா ஒடனே கூப்பிடணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மேகம் எறங்குனா இந்தப் பொம்பளைக்கு எதுக்கு போன் போடணும்? "பாவம், கீழ்நாட்டுக்காரி, குளிருன்னா பயம் போல"ன்னு அவர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்தே பிள்ளை பாலுக்கு முழிக்கல. சமத்துப் பிள்ளை, அம்மாவத் தொந்தரவு பண்ணாமத் தூங்குறான்னாங்க பக்கத்து வீட்டுல. நானும் அசந்து தூங்கிட்டேன்.

சனிக்கெழம விடிஞ்சு நல்ல வெயில். அவரு பிள்ளைய வாசலுக்குத் தூக்கிட்டுப் போனாரு. போன வேகத்துல "ரோஸு, ஏ ரோஸு, இங்க வா"ன்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தேன். கண்ணு முழியெல்லாம் மஞ்சக்கெழங்கு. உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். மாருல வச்சா வாய தொறக்கல. முதுகப் பின்னால வளைச்சுக்கிட்டு ஒரு கீச்சுக் குரல்ல அழுதான். பிள்ளை அழுகை மாதிரியே இல்ல அது.

கங்காணி வீட்டு வாசல்ல நின்ன ஜீப்ப எடுத்துக்கிட்டு எறங்கினோம். டவுன் ஆஸ்பத்திரியில டாக்டர் நெத்தியில வெரல வச்சு அழுத்திப் பாத்தாங்க, கால அழுத்திப் பாத்தாங்க, யாரையும் ஒண்ணும் திட்டல. இங்க ரத்தம் மாத்துற வசதி இல்ல, எர்ணாகுளத்துக்குப் போயிரணும்னாங்க. ஆம்புலன்சு மலை எறங்கி முடிய மத்தியானம் தாண்டிருச்சு. வளைவுக்கு வளைவு அவரு "மூச்சு இருக்கா, மூச்சு இருக்கா"ன்னு கேட்டாரு. "இருக்கு, வாய மூடிக்கிட்டு வாரும்"னு எரிஞ்சு விழுந்தேன். அவருகிட்ட எரிஞ்சு விழுந்தா எனக்குக் கொஞ்சம் பயம் கொறைஞ்சுச்சு.

எர்ணாகுளத்துல பிள்ளைய வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. பச்சப்பிள்ளைங்களுக்குன்னு தனி ஐசியு. தாய்மார் தங்குறதுக்கு வெளிய ஒரு ரூம், வரிசையாக் கட்டில். ஆம்பளைங்க கேட்டுக்கு அந்தப் பக்கம்.

என்ன வியாதின்னு பெறகு புரிஞ்சத சொல்றேன். நம்ம ரத்தத்துல பழைய அணு ஒடைஞ்சா ஒரு மஞ்சச் சாயம் வரும். பெரியவங்களுக்கு ஈரல் அதைக் கழிச்சு விட்டுரும். பச்சப்பிள்ளை ஈரல் வேலைய ஆரம்பிக்கவே சில நாளாகும். அதனால பாதிப் பிள்ளைங்களுக்கு மேல லேசா மஞ்சள் வரும், போயிரும். எனக்கு ரத்தம் ஓ வகை, அவனுக்கு அவங்கப்பா மாதிரி பி. எங்கிட்ட இருந்து அவனுக்குப் போன ஏதோ ஒண்ணு அவன் ரத்தத்தயே ஒடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதான் சாயம் ஏறிக்கிட்டே போச்சு. ரொம்ப ஏறுனா மூளைக்குள்ள போய் ஒட்டிக்கும். அப்படி ஒட்டுனா உயிர் போகும், உயிர் தங்குனாலும் காது கேக்காது, கை கால் வெளங்காது. ரத்தத்துல அந்தச் சாயத்தோட அளவு இருபதத் தாண்டினாலே பயம்னாங்க. அவனுக்கு இருபத்தொம்போது.

நீல வெளிச்சத்துக்கடியில கண்ணக் கட்டிப் போட்டாங்க. அது போதாது, ரத்தத்தயே மாத்தணும்னாங்க. தொப்புள்ல கொழாய விட்டு, அவன் ரத்தத்துல கொஞ்சம் எடுத்து, வேற ரத்தம் கொஞ்சம் விட்டு, திரும்ப எடுத்து, திரும்ப விட்டு, மொத்தத்தயும் மாத்தணும். ரெண்டு மணி நேரம். இதுலயே போனாலும் போயிரலாம்னும் சொல்லி, காயிதத்த நீட்டினாங்க. புதன்கெழம அம்புட்டு வேகமா ஓடுன என் கை அந்தக் காயிதத்துல ஓடல. அவருதான் போட்டாரு. போட்டுட்டு, எடுக்குற ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்கப் போனாரு.

அப்பதான் டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டாங்க. வயசு கம்மி, கண்ணுக்கடியில கருவளையம். அஞ்சு நாள் வரை ஏன் கொண்டு வரலன்னு கோவமாத்தான் கேட்டாங்க. ஷைனி சிஸ்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க. சிஸ்டர் சொல்றாங்க, நான் கேட்டேன், மஞ்ஞ இல்லன்னு அம்மா சொன்னாங்க, ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன்னு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "மஞ்ஞு இல்ல, அதான் இல்லன்னேன். பிள்ளைக்கு எப்படி டாக்டர் மஞ்ஞு வரும்? மஞ்ஞு வெளியிலதான இருக்கும்?"னு கத்துனேன். டாக்டருக்குப் புரியல. நான் வேற தமிழ்ல வெளக்குறேன்னு, "பனி டாக்டர், பனி!"ன்னேன்.

டாக்டரம்மா பேனாவ எடுத்தாங்க. "பனியோ? எத்ர திவசமாயிட்டு?"

எத்தன நாளான்னு கேக்குறாங்களேன்னு, "வருஷத்துல எட்டு மாசம் இருக்கும் டாக்டர்"னேன்.

அவங்க பேனாவ வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்தாங்க. அப்ப வாசப்படியில நின்ன ஒரு பொண்ணு, நைட்டிக்கு மேல துண்டு போட்டுக்கிட்டு, "ஏனுங்க டாக்டர், நாஞ் சொல்லட்டுங்களா?"ன்னு உள்ள வந்தா. மலையாளம் தண்ணி மாதிரி பேசுனா. டாக்டருக்குச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா. "அக்கா, இவங்க பாஷையில பனின்னாக் காய்ச்சலுங்க. மஞ்ஞுன்னா நீங்க சொல்ற மேகம். மஞ்ஞன்னா மஞ்சள் நெறமுங்க, மஞ்சக்காமாலைங்க. சிஸ்டர் கேட்டது மஞ்ஞ, நீங்க சொன்னது மஞ்ஞுங்க்கா."

பெறகு போனுக்குள்ள ஷைனி சிஸ்டர் அழுறது கேட்டுச்சு. அவங்க மேல இருந்த கோவத்த எங்க கொண்டு போய் எறக்கி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. மஞ்சக்காமாலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஜீப்புல விழுந்தடிச்சு வந்திருப்பேன். மஞ்சப் பொடிய மஞ்ஞள்னுதான சொல்றாங்க, அந்த ஒரு ளவச் சேத்துச் சொல்லியிருந்தாக்கூட எனக்குப் பொறி தட்டியிருக்கும். அதுக்காக அவங்கள என்ன பண்ண முடியும்? பால் குடிக்காமத் தூங்குன பிள்ளைய எழுப்பாதவ நான்தான்.

அந்தப் பொண்ணு பேரு சரஸ்வதி. பாலக்காட்டுக்குக் கெழக்க, பொள்ளாச்சி போற வழியில தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். இருபத்திமூணு வயசு. அவளுக்குப் பொம்பளப் பிள்ளை. இருதயத்துல இருந்து போற ரெண்டு பெரிய கொழாயும் எடம் மாறிப் பொறந்திருக்கு, ஆபரேசனுக்கு இங்க அனுப்பியிருக்காங்க. மாசமா இருக்கும்போது பாதி நாள் பொறந்த வீடு, அது தமிழ்நாடு. பாதி நாள் புருசன் வீடு, அது கேரளா. "அங்க போனா உங்க ஊர்லயே ஸ்கேன் எடுத்துக்குங்கன்னாங்க. இங்க வந்தா அம்மா ஊட்டுல எடுத்திருப்பீங்கன்னாங்க. நடுவுல அந்த ஸ்கேனு வுட்டுப் போச்சுங்க்கா"ன்னா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரசவத்தயே எர்ணாகுளத்துல வச்சிருப்பாங்களாம். பொறந்து ஒண்ணரை நாள் கழிச்சு, ஒடம்பு நீலமானப்பெறகுதான் இங்க வந்திருக்கா.

ரத்தம் மாத்துன அந்த ரெண்டு மணி நேரமும் அவதான் பக்கத்துல உக்காந்திருந்தா. பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிட்டு வந்து என் கையில வச்சா. "உங்கூட்டுப் பையன் மஞ்சள், எம்பட பாப்பா நீலம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டா பச்சையாயிருமுங்க்கா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதேன். பாவி, அவளும் அழுதா.

ரத்தம் மாத்தி முடிஞ்சு உயிர் இருந்துச்சு. ஆனா இன்னும் சொல்ல முடியாது, மூளையில எம்புட்டு ஏறியிருக்கோ பாக்கணும்னாங்க. பாக்கணும், பாக்கணும், ஆஸ்பத்திரியில இந்த ஒரு வார்த்தையக் கேட்டே மனுசன் கெழவனாயிருவான். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி உள்ள விடுவாங்க. கையக் கழுவி, கவுன் மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள கை விட்டுத் தொடலாம். என் வெரல அவன் பிடிக்கல. மொத நாளும் பிடிக்கல, ரெண்டாம் நாளும் பிடிக்கல. எனக்குப் பால் வத்திருச்சு. சும்மா வத்தல, சொட்டுகூட இல்லாம வத்திருச்சு. அந்த ஆஸ்பத்திரியில தாய்ப்பால் சேத்து வைக்கிற ரூம் உண்டு. பால் அதிகமா உள்ள தாய்மார் பீச்சிக் கொடுக்குறத எல்லாம் ஒண்ணாச் சேத்து, காய்ச்சிக் குளுர வச்சு, இல்லாத பிள்ளைங்களுக்கு மூக்குக் கொழாய் வழியாக் கொடுப்பாங்க. சரஸ்வதி தெனமும் போய்ப் பீச்சிக் கொடுத்துட்டு வருவா. அவ பாப்பாவுக்கு வாய் வழியா எதுவும் கொடுக்கக் கூடாது, ஆனா அவளுக்குப் பால் கட்டிக்கிட்டு நிக்கும். மாரு வலிக்குதுன்னு மொனங்கிக்கிட்டே போவா.

கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் என் துணியெல்லாம் வாங்கிட்டுப் போய்த் தொவச்சுக் காயப் போட்டாரு. ரத்தக்கறை பட்ட பாவாடைய ஒரு ஆம்பள தொவைக்கிறத நாலு பேரு பாத்துச் சிரிச்சாங்களாம். "சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கு வேற என்ன வேலை இங்க"ன்னாரு. ஆறு வருஷத்துல அந்த மனுசன நான் நல்லாப் பாத்தது அன்னிக்குத்தான்.

எர்ணாகுளத்துக்காரி ஒருத்தி என் பக்கத்துக் கட்டில்ல இருந்தா. அவ பிள்ளைக்கும் இதே மஞ்சள், இதே ஓ ரத்தம். ரெண்டாம் நாள் காலையில பிள்ளை கண்ணப் பாத்துட்டு ஆட்டோ பிடிச்சு வந்திருக்கா. ரெண்டு நாள் நீல வெளிச்சம், சிரிச்ச மொகமா வீட்டுக்குப் போயிட்டா. நம்ம ஸ்டேட்டுல பச்சப்பிள்ளை சாவு ரொம்பக் கொறவுன்னு டிவியில பெருமையாச் சொல்லுவாங்க. பொய்யில்ல. ஆனா அது ரோடு இருக்குற எடம் வரைக்குந்தான் வருது, மேல எங்க லயத்துக்கு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கி நின்னுருது. அவளும் நானும் ஒரே நோய்க்கு ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். நடுவுல மூணு நாள் வித்தியாசம், அம்புட்டுத்தான்.

நாலாம் நாள் அவன் என் வெரலப் பிடிச்சான். லேசாத்தான். நான் போட்ட கூச்சல்ல நர்ஸ் வந்து அதட்டிட்டுப் போனாங்க. சரஸ்வதிகிட்ட சொல்லணும்னு வெளிய ஓடி வந்தேன். அவ கட்டில்ல இல்ல. அவ வீட்டுக்காரரும் மாமியாரும் உள்ள போயிருக்காங்கன்னாங்க. அம்புட்டு பேர ஒண்ணா உள்ள விடுறாங்கன்னா என்னன்னு அந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். ஆபரேசனுக்கு மறுநாள்தான் தேதி கொடுத்திருந்தாங்க. பாப்பா அது வரைக்கும் நிக்கல.

அவள நான் எதுத்தாப்புல பாக்காம செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். எம் பிள்ளை வெரலப் பிடிச்ச கையோட அவ மூஞ்சியில முழிக்க எனக்குத் துணிவில்ல. கெளம்புறதுக்கு முன்னால அவ பால் ரூமுக்குப் போயிருக்கா. பீச்சிக் கொடுத்துட்டு, "இத அந்த மலைக்கார அக்கா பையனுக்குக் குடுங்க"ன்னு சொல்லியிருக்கா. எல்லாத்தயும் ஒண்ணாத்தான் சேப்போம், இன்னாருக்குன்னு கொடுக்க முடியாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. "சரிங்க, யாருக்காவது குடுங்க"ன்னுட்டுப் போயிட்டாளாம். அந்தப் பாலுல ஒரு சொட்டாவது எம் மகன் வயித்துக்குப் போயிருக்கணும்னு நான் செபம் பண்ணிக்கிட்டேன். கொழாய் வழியா ஒவ்வொரு தடவ பால் எறங்கும்போதும் அவ பேரத்தான் நெனைப்பேன்.

பதினாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். அவன மாருல போடப் போட எனக்குப் பாலும் திரும்ப ஊறுச்சு. காது பரிசோதனையில வலது காது நல்லாருக்கு, இடது காது சந்தேகம், மூணாம் மாசம் திரும்பப் பாக்கணும்னாங்க. மூணாம் மாசம் போனோம். இன்னும் ஒரு தடவ பாக்கணுமாம். பாப்போம். கழுத்து நின்னுருச்சு. ஆளப் பாத்துச் சிரிக்கிறான்.

ஷைனி சிஸ்டர் இப்ப போன்ல கேக்குறதில்ல, ஸ்கூட்டர ரோட்டுல போட்டுட்டு நடந்தே வாறாங்க. உங்களுக்கெல்லாம் நான் சொல்றது இதுதான். பிள்ளைய வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வாங்க. மேகம்னா சன்னலோரம். நெத்தியில, நெஞ்சுல, கால்ல வெரல வச்சு அழுத்தி எடுத்துப் பாருங்க. அடியில மஞ்சளாத் தெரிஞ்சாலோ, பாலுக்கு முழிக்காமத் தூங்குனாலோ, கலருன்னும் சமத்துன்னும் சொல்லிக்கிட்டு இருக்காம ஒடனே எறங்கிருங்க. டாக்டர் இருன்னா இருங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிருறேன். சரஸ்வதி என் நம்பர நர்ஸ்கிட்ட வாங்கி, வாரத்துக்கு ஒரு தடவ கூப்பிடுவா. அவ நம்பரப் பாத்தாலே பிள்ளைய மாருல போட்டுக்குவேன், அவன் சத்தம் அவ காதுல விழுந்துறக் கூடாதேன்னு. பாப்பா சத்தத்த ஆசை தீரக் கேக்காதவ, என் பிள்ளை அழுறதக் கேட்டா அவளுக்கு எப்படி இருக்கும்? பையன் சுகமாங்கன்னு கேப்பா, சுகம்னு சொல்லி வேற பேச்சுக்குத் தாவிருவேன். ரெண்டு மாசம் இப்படியே ஓட்டுனேன்.

போன வாரம் கூப்பிட்டா. மெதுவாக் கேட்டா, "ஏனுங்க்கா, எப்பக் கூப்பிட்டாலும் ஒரு சத்தமும் காணோமுங்க. எனக்கு வருத்தமாயிருமுன்னு மறைக்கறீங்களா? உண்மையச் சொல்லிருங்க. பையனும் போயிட்டானுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. மாருல கெடந்தவன வெடுக்குன்னு பிடுங்கி எடுத்தேன். பாதிப் பாலுல எடுத்தா விடுவானா? லயமே கேக்குற மாதிரி வீறிட்டான். போன அவன் வாய்கிட்ட வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து, "கேட்டுச்சா? இந்தா, பால் கொடுத்துட்டு வாரேன், வை"ன்னேன்.

"வேண்டாமுங்க்கா, வெக்காதீங்க"ன்னா சரஸ்வதி. "இன்னுங் கொஞ்சம் அழுவட்டுமுங்க."